எடை சரியாக இருக்கிறது என்றால் நோய் இல்லை என்று பொருளா?

கேள்வி: என் மகளுக்கு வயது 16, பிளஸ் ஒன் படிக்கிறாள். பத்தாம் வகுப்பு விடுமுறையில், மாதவிடாய் ஒழுங்காக வரவில்லை என்று மதுரையில் ஸ்கேன் எடுத்தோம். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கிறது, எடையைக் குறைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். அப்போது 68 கிலோ இருந்தவள் ஐந்தே மாதத்தில் 53 கிலோவுக்கு வந்துவிட்டாள். உயரம் 158 செ.மீ. முதலில் எல்லோரும் பாராட்டினோம். இப்போது மூன்று மாதமாக மாதவிடாய் அடியோடு நின்றுவிட்டது. பள்ளியில் காலை வழிபாட்டின்போது ஒருமுறை மயங்கி விழுந்தாள். முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. இந்தப் புழுக்கத்திலும் குளிர்கிறது என்று ஃபேன் போட விடுவதில்லை. செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கிருத்திகை என்று விரதம் இருக்கிறாள். யூடியூபில் சமையல் பார்த்துத் தம்பிக்கு விதவிதமாகச் செய்து கொடுக்கிறாள், தான் தொடுவதில்லை. நான் அங்கன்வாடிப் பணியாளர். சனிக்கிழமைதோறும் என் மையத்துக்கு வந்து தாய்மார்களுக்கான எடை மெஷினில் ஏறிப் பார்க்கிறாள். டாக்டரிடம் காட்டினேன். எடை உயரத்துக்குச் சரியாக இருக்கிறது, ரத்தமும் நார்மல், இதை அப்படியே வைத்துக்கொள் என்று அவளைப் பாராட்டி அனுப்பினார். கணவர் திருப்பூரில் வேலை செய்கிறார். மாமியார், இரண்டு அடி போட்டால் தானாகத் தின்பாள் என்கிறார். இது நோயா, பிடிவாதமா? எலும்பும் தோலுமாக இல்லாத பிள்ளைக்கு அனோரெக்சியா வருமா? வீட்டில் வைத்துச் சாப்பிட வைக்க முடியுமா? படிப்பு என்ன ஆகும்?
(திருமங்கலம் அருகிலிருந்து ஒரு வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தங்கள் மகள் ஒருமுறை மயங்கி விழுந்திருக்கிறாள் என்பதால், இந்தப் பதில் அச்சாகும்வரை காத்திருக்காமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்படி தங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இங்கே விரிவாக எழுதுவதற்குக் காரணம், இதே நிலையில் பிள்ளையை வைத்துக்கொண்டு, எடை சரியாகத்தானே இருக்கிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருக்கும் பெற்றோர் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பதுதான். கடிதத்தை மட்டும் வைத்து நோயை முடிவு செய்யும் வழக்கம் எனக்கில்லை. ஆயினும் தாங்கள் எழுதியிருப்பவை எல்லாம் சேர்ந்து, எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவை மறுக்கும் அனோரெக்சியா என்ற உண்ணல் கோளாற்றைச் சந்தேகிக்கப் போதுமானவை. இன்றைய எடை அந்தச் சந்தேகத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

எடை விஷயத்தைத் தங்களுக்கு விளக்குவது எனக்கு எளிது, ஏனெனில் வளர்ச்சி அட்டை தங்கள் அன்றாட வேலை. இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மாதாமாதம் ஏறிவந்த கோட்டை விட்டு விலகி, இரண்டு மூன்று மாதமாகச் சரிந்துகொண்டே வந்தால், இந்த மாதத்துப் புள்ளி இன்னும் பச்சைப் பட்டைக்குள்தான் விழுந்திருக்கிறது என்று தாங்கள் விட்டுவிடுவீர்களா? மாட்டீர்கள். வீட்டுக்குப் போய்த் தாயைப் பார்த்து, வயிற்றுப்போக்கா, காய்ச்சலா, என்ன கொடுக்கிறீர்கள் என்று விசாரிப்பீர்கள். புள்ளி எந்த நிறத்தில் இருக்கிறது என்பதைவிடக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்றுதான் தங்கள் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த அட்டை சிறு வயதோடு முடிந்துவிடுகிறது. அந்த விதி முடிவதில்லை. ஐந்து முதல் பதினெட்டு வயது வரைக்குமான வளர்ச்சி வரைபடங்களை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்டிருக்கிறது. அதில் தங்கள் மகளின் இரண்டு புள்ளிகளையும் வைத்துப் பார்த்தால், மே மாதத்துப் புள்ளி அதிக எடைக் கோட்டுக்கு மேலேயும், இன்றைய புள்ளி ஏறத்தாழ நடுவிலும் விழும். உடல் நிறை குறியீட்டெண் 27-லிருந்து 21-க்கு வந்திருக்கிறது. இரண்டாவது புள்ளியை மட்டும் பார்த்தவர் பாராட்டினார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு, வளர்கிற வயதில் ஒரு பெண் தன் எடையில் 22 சதவீதத்தை ஐந்து மாதத்தில் இழந்திருக்கிறாள் என்பது தெரியும்.

அந்த மருத்துவரை நான் குறைகூற விரும்பவில்லை. மருத்துவர்களான எங்களில் பெரும்பாலோர் படித்த பாடம் அப்படி. வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கும் எடையில் 85 சதவீதத்துக்குக் கீழே போயிருக்க வேண்டும், பெண்ணாக இருந்தால் தொடர்ந்து மூன்று மாதவிடாய் தவறியிருக்க வேண்டும் என்பதுதான் அனோரெக்சியாவுக்குப் பல்லாண்டுகள் வழிகாட்டியாக இருந்த அளவுகோல். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநோய்களை வரையறுக்கும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு அந்த இரண்டு நிபந்தனைகளையும் எடுத்துவிட்டது. அத்துடன், எடை கணிசமாகக் குறைந்தும் இன்னும் இயல்பான வரம்புக்குள்ளேயோ அதற்கு மேலேயோ இருப்பவர்களுக்கும், அனோரெக்சியாவின் மற்ற அறிகுறிகள் எல்லாம் இருந்தால், இது சிகிச்சை தேவைப்படும் உண்ணல் கோளாறே என்று தனியாகக் குறிப்பிட்டது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி. 11, மற்ற அறிகுறிகள் பொருந்தும்போது, ஆறு மாதத்துக்குள் உடல் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் இழந்திருந்தால், அதையே குறைந்த எடைக்கு ஈடாகக் கொள்ளலாம் என்கிறது. ஆகவே, எலும்பும் தோலுமாக இல்லாத பிள்ளைக்கு வருமா என்ற தங்கள் கேள்விக்கு விடை: வரும். மெலிந்த பெண்களின் படத்தைப் பாடப் புத்தகத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான். ஆண் பிள்ளைகள் விஷயத்தில் இந்தக் கண்மறைவு இன்னும் அதிகம். ஜிம்முக்குப் போகிறான், நல்லதுதானே என்று விட்டுவிடுகிறோம்.

எடை சரியாக இருப்பதால் உடலுக்கு ஆபத்து குறைவு என்று நினைப்பதும் தவறு. பட்டினிக்கு உடல் பதில் சொல்லும் விதம், எவ்வளவு இழந்தோம், எவ்வளவு வேகமாக இழந்தோம் என்பதைப் பொறுத்தது. இழந்த பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை மட்டும் பொறுத்ததன்று. இதயம் மெதுவாகத் துடிக்கத் தொடங்குகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது, கை கால் சில்லிடுகிறது, எழுந்து நின்றதும் கண் இருட்டுகிறது, முடி வேரோடு தளர்ந்து உதிர்கிறது. மயக்கம், குளிர், முடி உதிர்தல் என்று மூன்று தனித்தனித் தொல்லைகளாகத் தாங்கள் எழுதியிருப்பவை அனைத்தும் ஒரே காரணத்தின் விளைவுகளாக இருக்க வாய்ப்பு மிகுதி. ரத்தம் நார்மல் என்று சொன்னதிலும் பெரிய ஆறுதல் இல்லை. உடல் தன் சேமிப்பைக் கரைத்து ரத்தத்தின் அளவுகளைக் கடைசிவரை காப்பாற்றப் பார்க்கும். தாது உப்புகளான பொட்டாசியமும் பாஸ்பேட்டும் ஒருநாள் திடீரென்று சரியலாம்.

மாதவிடாயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் பக்கத்தில் இந்தக் கோளாற்றுக்குள் நுழையும் வாசலே பல பெண்களுக்கு அதுதான். வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் சுழற்சி முறைதவறி வருவது இயல்பு; அந்த வயதில் ஸ்கேன் எடுத்தால் சினைப்பையில் சிறுசிறு நீர்க்கட்டிகள் போலத் தெரிவதும் இயல்பு. அதனால்தான், பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனை வைத்து பிசிஓடி என்று முடிவு கட்டக் கூடாது என்று பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் 2018-லிருந்தே சொல்லிவருகின்றன. இங்கோ பதினைந்து வயதுப் பெண்ணின் கையில் ஸ்கேன் படத்தையும், எடையைக் குறை, இல்லாவிட்டால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே கொடுத்து அனுப்புகிறார்கள். எப்படிக் குறைப்பது, எங்கே நிறுத்துவது என்று யாரும் சொல்வதில்லை. படிப்பில் கருத்தான, சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண்ணாக இருந்தால் அவள் நிறுத்தவே மாட்டாள். தங்கள் மகளுக்கு முன்பு மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்தது; இப்போது அடியோடு நின்றிருக்கிறது. இவை இரண்டும் ஒன்றல்ல. இப்போது நின்றிருப்பது, உணவு போதாதபோது மூளை இனப்பெருக்க ஹார்மோன்களை நிறுத்தி வைப்பதால் இருக்கலாம். அப்படியானால் இன்னும் எடை குறைப்பது அதற்கு மருந்தாகாது, கேடாகவே முடியும். ரத்தப்போக்கை வரவழைக்க மாத்திரை எழுதிக் கொடுத்தால், மாத்திரையால் வரும் ரத்தத்தைப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். எலும்பு உறுதிப்படும் வயது இது. வாழ்நாள் முழுவதற்குமான எலும்பு வலுவின் பெரும்பகுதி பதினெட்டு வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. மாதவிடாய் நின்ற ஒவ்வொரு மாதமும் அந்தக் கணக்கில் இழப்புதான், மாத்திரை அதை ஈடுகட்டுவதில்லை.

எடை குறைவதற்கு வேறு காரணங்கள் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. காசநோய், சர்க்கரை, தைராய்டு, குடல் நோய்கள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத்தான் எந்த நல்ல மருத்துவரும் மேலே போவார். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நீண்ட பட்டினியில், தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். என்ற அளவு சரியாக இருக்க, டி3 என்ற ஹார்மோன் மட்டும் குறைந்து காட்டும். இது சக்தியைச் சேமிக்க உடல் செய்யும் ஏற்பாடு. இதைத் தைராய்டு நோய் என்று எண்ணி மாத்திரை தொடங்கினால் எடை மேலும் இறங்கும், இதயத்துக்கும் சுமை கூடும்.

நோயா, பிடிவாதமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்கள் ஓர் ஆய்வுக்குத் தாமாக முன்வந்தார்கள். ஆறு மாதம் அரைவயிற்று உணவு. எடையில் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. அந்த இளைஞர்களுக்கு உணவைத் தவிர வேறு நினைவே இல்லாமல் போயிற்று. சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், தட்டில் இருப்பதைத் துண்டு துண்டாக்கி நெடுநேரம் வைத்துச் சாப்பிட்டார்கள், நண்பர்களிடம் எரிந்து விழுந்தார்கள், தனிமையை நாடினார்கள். அவர்களில் யாரும் எடைக்குப் பயந்து பட்டினி கிடந்தவர்கள் அல்லர். தங்கள் மகள் யூடியூபில் சமையல் பார்ப்பதும், தம்பிக்குச் செய்து போட்டு அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் இந்த வகையைச் சேர்ந்தவை. பசித்த மூளை செய்யும் வேலையைக் குணக்கேடு என்று நினைத்து அடிக்கப் போனால், அடி விழுமே தவிர, சோறு இறங்காது. தங்கள் மாமியாரிடம் இதை மருத்துவர் வாயால் சொல்ல வைப்பது நல்லது. மருமகள் சொல்வதைவிட அது எடுபடும்.

விரதத்தைப் பற்றித் தாங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருப்பது புரிகிறது. சாமி காரியத்தைத் தடுப்பதா என்ற கேள்வி எழத்தான் செய்யும். திருப்பரங்குன்றத்துக்கும் அழகர்கோவிலுக்கும் நடையாய் நடந்து வளர்ந்த ஊரில் விரதத்தைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். விரதம் இருக்கிறவர் மாலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, பொங்கலோ தயிர்சாதமோ ஆவலாகச் சாப்பிடுவார். விரதம் முடிகிற வேளையில் தலைவலி, வயிறு சரியில்லை என்று ஒதுங்குகிறாளா? போன வருடம் இல்லாத விரதங்கள் எடை குறையக் குறையப் பெருகி வந்தனவா? ஆம் என்றால் அந்த விரதங்களை நிறுத்தச் சொல்வதில் தெய்வக் குற்றம் எதுவும் இல்லை. நோயாளிக்கும் பிள்ளைக்கும் விரதத்திலிருந்து விலக்கு உண்டு என்பது வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த மரபுதான். அவள் மதிக்கிற ஒரு பெரியவரோ கோயில் குருக்களோ இதைச் சொன்னால் மிக நன்று.

இனிச் செய்ய வேண்டியவை. மருத்துவமனைக்குப் போகுமுன் ஒரு முழுத்தாளில் அவளுடைய எடைகளைத் தேதியோடு எழுதுங்கள்: ஸ்கேன் சென்டர் கோப்பில் இருப்பது, பள்ளியில் மருத்துவக் குழு வந்தபோது எடுத்தது, தங்கள் மையத்து மெஷினில் பார்த்தது, எதுவானாலும் சரி. கடைசியாக மாதவிடாய் வந்த தேதி, மயங்கி விழுந்த நாள், விரத நாட்கள், ஒரு சாதாரண நாளில் காலையிலிருந்து இரவு வரை அவள் உண்மையில் சாப்பிட்டது ஆகியவற்றையும் சேருங்கள். அந்தத் தாளை மருத்துவர் கையில் கொடுங்கள். எடை சரியாக இருக்கிறது என்று மீண்டும் சொன்னால், ஐந்து மாதத்தில் 15 கிலோ குறைந்திருக்கிறது, இ.சி.ஜி.யும் பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் அளவும் பார்த்துத் தாருங்கள் என்று பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்ற பிறகு ஒருமுறை என்று நாடியும் பிரஷரும் பார்க்க வேண்டும். நாடியைத் தாங்களே வீட்டிலும் எண்ணலாம்: ஐந்து நிமிடம் படுக்க வைத்து, மணிக்கட்டில் விரல் வைத்து, முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் 50-க்குக் கீழே இருந்தாலோ, பிரஷர் 90/45-க்குக் கீழே இருந்தாலோ, உடல் வெப்பம் 96 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தாலோ, மீண்டும் மயங்கினாலோ, தண்ணீர் உட்பட எல்லாவற்றையும் மறுத்தாலோ, அது அன்றைக்கே உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டிய நிலை. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் பொது மருத்துவமும் மனநலப் பிரிவும் ஒரே இடத்தில் இருப்பது இத்தகைய நோய்க்கு வசதி. உடலை ஒரு மருத்துவரும் மனத்தை ஒரு மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் இது.

ஒரு கடுமையான எச்சரிக்கை. பிள்ளை சோர்ந்திருக்கிறாளே என்று தெருமுனைக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வருவது நம் வழக்கம். நீண்ட நாள் குறைவாக உண்டவர் உடலில் திடீரென்று சர்க்கரை ஏறினால், ரத்தத்தில் இருக்கும் கொஞ்ச பாஸ்பேட்டும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டு, இதயமும் மூச்சும் தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். எடை நார்மலாக இருப்பவருக்கும் இது நேரும். விருந்து போல ஒரேயடியாகத் திணிப்பதும் அப்படித்தான். பரிசோதனை முடிந்து, எவ்வளவில் தொடங்கி எப்படிக் கூட்டுவது என்று மருத்துவர் சொன்ன பிறகு வீட்டில் தொடருங்கள்.

வீட்டுச் சிகிச்சையில் தங்களுக்குத்தான் முதல் இடம். வளரிளம் பருவத்து அனோரெக்சியாவுக்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படுவது, லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான குடும்பம் சார்ந்த சிகிச்சை. அதன் முதல் கட்டம் எளிமையானது, ஆனால் உடல் நோகச் செய்ய வேண்டியது: என்ன சாப்பிடுவது, எவ்வளவு, எப்போது என்ற முடிவைச் சிறிது காலத்துக்குப் பிள்ளையிடமிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்வது. தட்டில் பரிமாறுவது தாங்கள்; மூன்று வேளை உணவும், இடையில் இரண்டு மூன்று முறை பலகாரமும். நான்கு இட்லி என்றால் நல்லெண்ணெய் விட்ட பொடியோடு நான்கு இட்லி. அவள் சமையலறைக்குள் வந்து எண்ணெயைக் குறைக்க வேண்டாம், கலோரிக் கணக்கும் வேண்டாம். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மாமியாரின் துணை இங்கேதான் தேவை. அடிக்கச் சொன்னவரையே, மாலையில் அவளோடு உட்கார்ந்து கடலை மிட்டாயும் பாலும் சாப்பிடச் சொல்லுங்கள். அழுவாள், கத்துவாள், என்னைக் குண்டாக்கப் பார்க்கிறீர்கள் என்பாள். வாதாட வேண்டாம். இது உனக்கு மருந்து, நான் இங்கேயே இருக்கிறேன் என்ற அளவில் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். கணவர் முதல் சில வாரமாவது விடுப்பு எடுத்து வர முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் தினமும் ஒரு வேளை வீடியோ அழைப்பில் அவளோடு சேர்ந்து சாப்பிடட்டும். பெற்றோர் இருவரும் ஒரே பேச்சில் நிற்பதுதான் முக்கியம்.

எவ்வளவு எடை கூட வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு எண்ணைச் சொல்ல மாட்டேன். பழைய 68-க்கே திரும்ப வேண்டும் என்பதில்லை. 53-லேயே நின்றுவிட்டால் போதும் என்பதும் இல்லை. சிறு வயதிலிருந்து அவள் வளர்ந்து வந்த கோடு, மாத்திரையில்லாமல் வரும் மாதவிடாய், நாடித்துடிப்பு, உணவைப் பற்றிய பயம் தணிவது ஆகியவற்றை வைத்து மருத்துவர் அவ்வப்போது முடிவு செய்வார். வாராந்தர எடையை மருத்துவமனையில் மட்டும் பாருங்கள். தங்கள் மையத்து மெஷினில் அவள் இனி ஏறக் கூடாது. கல்யாண வீடுகளில், எப்படி இளைச்சே, ரகசியத்தைச் சொல்லு என்று கேட்கும் உறவினர்களிடம், உடம்பு சரியில்லை, அவள் எடையைப் பற்றிப் பேச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்தப் பாராட்டு அவளுக்கு அடுத்த வேளைச் சோற்றை மறுக்கும் தெம்பைத் தருகிறது.

தாங்கள் குறிப்பிடாத இரண்டைக் கேட்டறியுங்கள். சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைக்கிறாளா, விரல் முட்டியில் தழும்பு இருக்கிறதா, தாடைக்குக் கீழே காதோரம் வீங்கியிருக்கிறதா, பேதி மாத்திரை வாங்குகிறாளா என்று பாருங்கள். இவை சாப்பிட்டதை வெளியேற்றும் பழக்கத்தின் அடையாளங்களாக இருக்கலாம். வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் பொட்டாசியம் வேகமாக இறங்கும். மற்றொன்று, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வருகிறது என்றால் அவளைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். நள்ளிரவானாலும் 14416 என்ற, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

படிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நாடியும் பிரஷரும் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொல்லும்வரை பள்ளி வேண்டாம். மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் விடுப்பு கிடைக்கும். திரும்பிப் போகும்போது பி.டி. வகுப்பு, விளையாட்டு விழாப் பயிற்சி, மாடியில் நடை எதுவும் கூடாது. மதிய உணவு டப்பா காலியாக வருவது சாப்பிட்டதற்குச் சான்று ஆகாது. வகுப்பாசிரியையிடம் விஷயத்தைச் சொல்லி, ஓய்வறையில் அவர் பார்வையில் சாப்பிட ஏற்பாடு செய்யுங்கள். அது முடியாவிட்டால், தங்கள் மையம் பக்கத்தில்தானே இருக்கிறது, சில வாரங்களுக்கு மதியம் அவள் அங்கே வந்து தங்கள் எதிரில் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். பிளஸ் டூவுக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஒரு மாதப் பாடத்தைப் பின்னால் படித்துவிடலாம்.